கோர்சோலாவை உதைக்காதேங்கோ

கல் உடம்புள்ள போக்கிமொன் ஒன்றின் பெயர் சொல்லச் சொன்னால் பொதுவாக இரண்டு பெயர்தான் வரும். ஒன்று ஜியோடூட், கை முளைத்த பாறாங்கல். மற்றது ஓனிக்ஸ், கல்லைக் கோத்துச் செய்த பாம்பு. குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்த நேரம் எங்களுக்குள்ளேயே இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தனாங்கள். ஏழு பேரில் நாலு பேர் ஓனிக்ஸ், மூன்று பேர் ஜியோடூட். கோர்சோலா என்று ஒருத்தரும் சொல்லேல்ல. அன்று பின்னேரம் திரும்பி வரேக்க எல்லாருடைய வாயிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விளையாடாத ஆக்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கோர்சோலா 1999இல் வந்த கோல்ட், சில்வர் விளையாட்டுகளில் அறிமுகமானது. போக்கிமொன் பட்டியலில் அதன் இலக்கம் 222. இரண்டடி உயரம், 5 கிலோ எடை, இளஞ்சிவப்பு நிறம், தலையிலும் முதுகிலும் கொம்பு கொம்பாகக் கிளைகள். நீர் வகை, பாறை வகை இரண்டும் சேர்ந்தது. சுருக்கமாகச் சொன்னால் அது கண்ணும் காலும் வைத்த முருகைக்கல். தமிழ்நாட்டில் பவளப்பாறை என்பார்கள். எங்கட பாடப்புத்தகத்தில முருகைக்கற்பாறை.

இந்த விளையாட்டுகளில் ஒவ்வொரு போக்கிமொனுக்கும் இரண்டு மூன்று வரியில் ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பேட்டுக்குப் பெயர் போக்கிடெக்ஸ். கோர்சோலாவைப் பற்றி வெவ்வேறு விளையாட்டுகளில் வந்த குறிப்புகளைச் சேர்த்து வாசித்தால் ஒரு விஞ்ஞானப் பாடத்துக்குக் காணும். வெப்பமான, சுத்தமான கடலில்தான் இருக்கும். கூட்டமாகச் சேர்ந்திருக்கும். சின்ன உயிர்கள் அதற்குள்ள ஒளிச்சுக் கொள்ளும். அதன் கிளைகளைத் தின்ன வாற எதிரி ஒன்றும் இருக்கு, பெயர் மாரீனி, முள்ளு நட்சத்திரமீன் மாதிரி. தெற்குக் கடல் நாடொன்றில் சனங்கள் கோர்சோலாக் கூட்டத்துக்கு மேலேயே ஊர் அமைத்து வாழுகிறார்களாம்.

கடைசி வரியை நெடுந்தீவில நின்று வாசிச்சுப் பாருங்கோ.

இன்னொரு விசயமும் இருக்கு. போனில் விளையாடுகிற போக்கிமொன் கோவில் கோர்சோலா எல்லா இடத்திலும் வராது. வடக்கே 31 பாகை, தெற்கே 26 பாகை அகலக்கோடுகளுக்கு இடைப்பட்ட வெப்ப நாடுகளில்தான் வழமையாகக் கிடைக்கும், அதுவும் கடற்கரைப் பக்கம். யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 10 பாகையில் இருக்கு. ரொறன்ரோவும் லண்டனும் எல்லைக்கு வெளியே. கனடாவில இருக்கிற எங்கட மச்சான்மார் எங்களிட்ட இரந்து கேட்கிற ஒரே ஒரு பொருள் இதுதான். ஐபோன் அனுப்பிறவை கோர்சோலா கேட்கினம். அப்ப எங்களுக்கு அது பகிடியாக இருந்தது. எங்கட கடலுக்கு மட்டும் சொந்தமான ஒன்று என்று அந்த விளையாட்டைச் செய்த ஆக்களுக்கே தெரிஞ்சிருக்கு, எங்களுக்குத் தெரியேல்ல.

இனி 2019. சுவோர்ட், ஷீல்ட் என்று இரண்டு விளையாட்டுகள் வந்தன. அவை நடக்கிற நாட்டின் பெயர் காலார். அங்கே ஷீல்ட் விளையாட்டில் வருகிற கோர்சோலாவைக் கண்டால் முதலில் அடையாளம் தெரியாது. இளஞ்சிவப்பு இல்லை, முழு வெள்ளை. சிரிப்பு இல்லை. நீரும் இல்லை, பாறையும் இல்லை, பேய் வகை. திடீரென்று மாறிய காலநிலை இந்தப் பழைய கோர்சோலாக்களை அழித்துவிட்டது என்று குறிப்பு சொல்லுது. முன்னொரு காலம் கடலாக இருந்த இடங்களில் நடக்கும்போது பார்த்து நடக்கச் சொல்லுது: வெறும் கல் என்று நினைத்து உதைத்தால் அது உங்களைச் சபிக்கும்.

விளையாட்டு ரசிகர்கள் 20 வருசமாகக் கோர்சோலாவை யாரும் கணக்கெடுக்காத போக்கிமொன் என்று குறை சொன்னார்கள். பலம் குறைவு, அடுத்த வடிவத்துக்கு வளரவும் மாட்டாது. கடைசியில் நின்டெண்டோக்காரர் அதற்கு அடுத்த வடிவம் ஒன்று குடுத்தார்கள்தான். ஆனால் செத்த கோர்சோலாவுக்கு மட்டும். உயிரோட இருக்கிறது இன்றைக்கும் வளராமல் அப்படியே இருக்கு.

இதையெல்லாம் வாசித்தது படகில். இறங்கினது மாவிலித்துறையில். இறங்கி அரை மணித்தியாலம் ஆகேல்ல, எங்களில ஒருத்தன் போட்டோ எடுக்க ஒரு வேலியில ஏறி இருந்தான். மேல் கல் ஒன்று சரிஞ்சு றோட்டில விழுந்தது. அவன் இறங்கி வந்து அதைக் காலால ஒரு பக்கமாகத் தள்ளினான். தள்ளின பிறகுதான் எல்லாரும் குனிஞ்சு பார்த்தம். கல்லின் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழி. தேன்வதை மாதிரி, ஒரே அளவில, வரிசை வரிசையாக. ஒவ்வொரு குழியும் ஒரு உயிர் இருந்த வீடு.

அவன் உதைத்தது கோர்சோலாவை.

நெடுந்தீவுக்குப் போன எல்லாரும் அந்த வேலிகளைப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்து வேலி என்றால் கதியால், கிடுகு, பனையோலை, இப்ப தகரம். நெடுந்தீவில் அப்படியில்லை. காணியிலும் கரையிலும் கிடந்த முருகைக்கற்களைப் பொறுக்கி, ஒன்றுக்கு மேல ஒன்றாக அடுக்கிய கல்வேலி. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் எடையும் அடுக்கின கையின் கணக்கும்தான் அதைப் பிடிச்சுக் கொண்டிருக்கு. கல்லுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதால சோளகக் காற்று வேலியைத் தள்ளாமல் அதற்குள்ளால போகுது. மாடும் ஆடும் தோட்டத்துக்குள்ள வராது. கல்லைப் பொறுக்கினதால பயிர் வைக்க மண்ணும் வெளிச்சது. ஒரே வேலையில மூன்று பலன்.

வேலி மட்டும் இல்லை. நெடுந்தீவின் இடிஞ்ச ஒல்லாந்தர் கோட்டை முருகைக்கல். பழைய புறாக்கூடு முருகைக்கல். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில நிற்கிற கடற்கோட்டையிலும், 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடிச்ச யாழ்ப்பாணக் கோட்டையிலும் அதே கல் இருக்கு. தெற்குக் கடல் நாடொன்றில் சனங்கள் கோர்சோலாவுக்கு மேல ஊர் கட்டி வாழுகினம் என்று எழுதினவருக்கு எங்களைத் தெரிஞ்சிருக்காது. எழுதினது எங்களைப் பற்றித்தான்.

இப்ப அந்தக் குழிகளுக்கு வருவம். முருகைக்கல்லைச் செய்கிறது பொலிப் என்கிற சின்ன உயிர். கன இனங்களில் அது ஒரு அரிசிமணி அளவுதான் வரும். கடல்நீரில் இருந்து கல்சியம் காபனேற்றை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டும். அதன் உடம்புக்குள்ள ஒரு வகைப் பாசி குடியிருக்கும். பாசி வெயிலில் சாப்பாடு செய்து பொலிப்புக்குக் குடுக்கும், பொலிப் பாசிக்கு இடம் குடுக்கும். முருகைக்கல்லின் நிறத்தில் பெரும்பங்கு அந்தப் பாசியால வருகிறது. கடல்நீர் வழமையான வெயில்கால உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடிச் சில கிழமை நீடித்தாலே காணும், பொலிப் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய்விடும். இதைத்தான் வெளிறல் என்கிறார்கள். வெளிறினவுடன் சாகாது. நீர் கெதியாகக் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். குளிராவிட்டால் பட்டினியில் சாகும். காலார் கோர்சோலாவின் வெள்ளை இந்த வெள்ளைதான்.

பாறாங்கல் மாதிரி உருண்டு வளருகிற முருகை இனங்கள் வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். எங்கட நண்பன் காலால தள்ளின கல் ஓரடித் தடிப்பு. அது அப்படியான இனம் என்றால் கிட்டத்தட்ட 30 வருச வளர்ச்சி. எங்களில ஒருத்தருக்கும் இன்னும் 30 வயசு ஆகேல்ல.

இந்த இடத்தில போக்கிடெக்ஸ் ஒரு பெரிய பொய் சொல்லுது. கோர்சோலாவின் கிளை முறிந்தால் ஒரே இரவில் திரும்ப முளைத்துவிடும் என்கிறது. விளையாட்டுக்கு அது வசதி. ஆனால் இதே நினைப்பு எங்கட ஆக்களிட்டையும் இருக்கு. கடல் தருகிறது, எடுத்தால் திரும்ப வரும் என்கிற நினைப்பு. நெடுந்தீவில் வளரும் கல் என்று ஒன்று இருக்கு, சனம் கும்பிடுகிற முருகைக்கல். வருசா வருசம் அது வளருகிறது என்பது ஊரின் நம்பிக்கை. அதைப் பகிடி பண்ண நாங்கள் வரேல்ல. உண்மையில் அந்த நம்பிக்கைக்குள்ள எங்கட பாடப்புத்தகத்தைவிடக் கூடின விஞ்ஞானம் இருக்கு. அந்தக் கல் ஒரு காலம் வளர்ந்ததுதான், உயிரோடு இருந்ததுதான். அதைக் கல் என்று தள்ளிவிடாமல் உயிர் என்று கண்டு கும்பிட்ட ஒரு ஊர் இது. எங்களுக்கு இருக்கிற ஒரே கவலை, வளரும் என்ற சொல்லைப் பிடிச்சுக் கொண்டு, எடுத்தால் குறையாது என்று ஆரும் நினைச்சு விடக்கூடாது. கரையேறின முருகை வளராது. கடலுக்குள்ள இருக்கிறதும் ஒரு இரவில் வளராது.

எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையைப் பாருங்கள். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள் இருந்தன. 1986இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்றைக்குத் தண்ணிக்குக் கீழே. அலையை மறிச்ச பார் போனதும் தீவும் போய்விட்டது. 2001இல் இந்தியா பவளப்பாறைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்த்தது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. தீவுகள் திரும்பி வரேல்ல.

இலங்கையின் தெற்கில் இன்னொரு பாடம். 2004 டிசம்பர் 26இல் பெரேலியவில் கடல் ஒரு ரயிலையே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம் செத்தது. சில கிலோமீற்றர் தள்ளி ஹிக்கடுவையில் அலை அவ்வளவு தூரம் உள்ளே வரவில்லை. ஹிக்கடுவையில் முருகைப் பாரைப் பாதுகாத்திருந்தார்கள், பெரேலியப் பக்கம் சுண்ணாம்புக்காக அகழ்ந்திருந்தார்கள் என்று அலை வந்த இடங்களை அளந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். நெடுந்தீவு தட்டையான தீவு. எங்களுக்கு ஓடி ஏற மலை இல்லை.

சரி, எங்கட கடலில் இப்ப என்ன இருக்கு? போர்க்காலம் முழுக்க வடக்கின் முருகைப் பார்களை ஆராய்ச்சிக்காரர் கிட்டப் போய்ப் பார்க்க முடியேல்ல. 2021இல்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பார்களைப் பற்றி விரிவான ஆய்வொன்று வெளிவந்தது. சுழியோடிப் பார்த்து 113 இனங்களைப் பதிந்தார்கள். அதில 36 இனம் இலங்கையிலேயே முதல்தடவை பதியப்பட்டவை. போக்கிடெக்ஸை நிரப்புகிற சந்தோசம் என்னவென்று எங்களுக்குத் தெரியும். வீட்டில இருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில 36 புதுப் பக்கம் நிரம்பியிருக்கு, எங்கட வயசுக்காரர் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அந்தச் சந்தோசம் நெடுக நிற்கும் என்று சொல்ல ஏலாது. 1998 வெளிறலில் இலங்கையின் பார்கள் கனக்க அழிந்தன. 2016இல் திரும்பவும் வெளிறல். 2024 ஏப்ரலில் உலகம் முழுக்க நாலாவது தடவையாக வெளிறல் நடக்கிறது என்று அறிவித்தார்கள். கடல் சூடாகிறதை நாங்கள் நெடுந்தீவில இருந்து நிற்பாட்ட ஏலாது, உண்மைதான். ஆனால் எல்லாக் காயமும் வெயிலால வரேல்ல. கடலடியை வழிச்சுக் கொண்டு போகிற இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. இந்தியப் படகுகளின் இழுவைமடி இன்றைக்கும் எங்கட கடலில் ஓடுகிறது. இரண்டு கரையிலும் தமிழர்தான் என்பதால இதைப் பேச எங்களுக்கே கூச்சமாக இருக்கு. ஆனாலும் பேசாமல் விட்டால் அடிபடுகிறது இரண்டு கரைக்கும் மீன் குடுக்கிற அதே கடலடி.

வேலிக்குத் திரும்பி வருவம். இரண்டும் ஒரே கதை என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது. வேலியில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் கடல் ஒரு தடவை செய்து தந்தது. இன்னொரு தடவை எடுக்கக் கூடாது. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டப்படியும் தடை. ஆகவே இருக்கிறதுதான் கணக்கு. ஒரு வேலியை உடைச்சு அத்திவாரத்துக்குள்ள கொட்டினால் அந்த வேலி முடிஞ்சுது. போன இடத்தில அப்படிக் கல் குவிச்சுக் கிடந்த ஒரு வளவைக் கண்டம். பக்கத்தில சீமெந்துக் கல் அடுக்கியிருந்தது.

அந்த வளவுக்கார ஐயாவோட கதைச்சம். எங்கட கோர்சோலாக் கதையையும் சொன்னம். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பிள்ளையள், நல்ல கதைதான். ஆனா மாடு ஒருக்கா முட்டினா வேலி சரியும். ஆர் திரும்ப அடுக்கிறது? அடுக்கத் தெரிஞ்ச ஆக்கள் பாதிப் பேர் மேல, மிச்சம் கனடாவில. கல்லுக்குள்ள பாம்பு பூந்தா உங்கட போக்கிமோனோ வந்து பிடிக்கும்?"

அவர் சொன்னதில பிழை இல்லை. வேலியைப் பார்த்து ஆசைப்படுகிறது ஒரு நாள் வந்து போற எங்களுக்குச் சுகம். சரிஞ்ச கல்லைக் குனிஞ்சு தூக்கிறது அவர். வயசான இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்குப் பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று சொல்லிவிட்டுப் பின்னேரப் படகில ஏறுகிறது மரியாதை இல்லை. ஆகவே எங்கட கேள்வி அவரிட்ட இல்லை, எங்களிட்டையும் அதிகாரிகளிட்டையும்.

இலங்கையின் தொல்பொருள் சட்டம் பழமைக்குக் கோடு போடுகிற நாள் 1815 மார்ச் 2. கோட்டை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆகவே அதற்குப் பெயர்ப்பலகை இருக்கு. 2015இல் நெடுந்தீவில் தேசியப் பூங்கா அறிவிச்சதால குதிரையளுக்கும் ஒரு இடம் இருக்கு. கல்வேலிக்கு என்ன திகதி? ஒவ்வொரு தலைமுறையும் சரிஞ்சதை எடுத்து அடுக்கினது அது. அதன் வயசை ஆரும் சொல்ல ஏலாது. திகதி இல்லாததால பெறுமதி இல்லை என்று ஆகிவிட்டுது. படம் எடுத்துப் போட மட்டும் எல்லாருக்கும் வேணும்.

இதில இன்னொரு வேடிக்கை. வேலியை உடைச்சுக் கட்டுகிற சீமெந்தும் சுண்ணக்கல்லில இருந்துதான் வருது. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்ற தொழிற்சாலை அரைச்சது எங்கட குடாநாட்டுச் சுண்ணக்கல்லை. அந்தக் கல், மில்லியன் கணக்கான வருசத்துக்கு முந்திக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடும் கூடும். எங்கட கிணத்துத் தண்ணி தேங்கி நிற்கிறதும் அதே கல்லுக்குள்ளதான். கோர்சோலாவை விட்டிட்டு நாங்கள் எங்கேயும் போக ஏலாது. முழுசாக வச்சிருக்கிறதோ, அரைச்சு வச்சிருக்கிறதோ என்பதுதான் தெரிவு.

நாங்கள் கேட்கிறது பெரிசா ஒன்றும் இல்லை. கல்வேலியை அடுக்கத் தெரிஞ்ச ஆக்கள் இன்னும் தீவில இருக்கினம். அவர்களுக்குக் கூலி குடுத்து, சரிஞ்ச வேலிகளை அதே கல்லால திரும்ப அடுக்குகிற வேலையைப் பிரதேச சபை ஒரு வேலைத்திட்டமாக எடுக்கலாம். அதில இளம் ஆக்கள் இரண்டு பேர் கூட நின்று பழகட்டும். அப்பதான் ஐயாவின் முதல் கேள்விக்குப் பதில் இருக்கும். வெளிநாட்டில இருக்கிற காணிக்காரர், ஊரில காணி துப்பரவாக்கச் சொல்லிப் போன் எடுக்கேக்க, வேலியில கை வைக்க வேண்டாம் என்றும் ஒரு வசனம் சேர்த்துச் சொல்லலாம். அதுக்குக் காசு செலவில்லை. சுற்றுலா வாற நாங்கள் வேலியில ஏறாமல், கல்லைப் பையில போட்டுக் கொண்டு போகாமல், ஆழம் குறைஞ்ச இடத்தில பாருக்கு மேல கால் வைக்காமல் இருந்தாலே போதும்.

எங்கட பங்குக்கு நாங்கள் ஒன்று தொடங்கியிருக்கிறம். ஒவ்வொரு முறை போகேக்கையும் ஒரு ஒழுங்கையின் வேலியை முழுசாகப் படம் பிடிச்சு, எந்த இடம், எவ்வளவு நீளம், எங்க சரிஞ்சிருக்கு, கல்லில என்ன வடிவம் தெரியுது என்று எழுதி வைக்கிறம். வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் எடுக்கிறம். இதுவரை இரண்டு ஒழுங்கை முடிஞ்சுது. தீவு பெரிசு, நாங்கள் ஏழு பேர். அடுத்த பயணம் சோளகம் தணிஞ்ச பிறகு. வரக்கூடிய ஆக்கள் சொல்லுங்கோ, குறிகட்டுவானில சந்திப்பம்.

காலால தள்ளின அந்தக் கல்லை எங்கட நண்பன் அன்றைக்கே தூக்கித் திரும்ப வேலியில வச்சான். மூன்று தரம் வச்சும் ஆடினது. நாலாவது தரம் வளவுக்கார அம்மா ஒருவர் வந்து, ஒரு பக்கமாகத் திருப்பி வச்சுவிட்டுப் போனார். பிறகு அது ஆடேல்ல.